கத்தரித்த கண்மலர்

எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் கொதிதண்ணீர் பீய்ச்சி அடித்தபோது நான் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றிருந்தேன். "தள்ளிப் போ அஞ்சல" என்று என்னை ஒதுக்கிவிட்டுத்தான் அவர் அந்த மூடியைத் திருகினார். நான் தள்ளிப் போனேன். அவர் போகவில்லை.

என் பெயர் அஞ்சலை. வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் சின்ன ஊர். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் உட்கார்ந்து எழுதுகிறாள். எங்கள் ஊர் மாரியாத்தா எனக்குச் செய்ததை நாலு பேருக்குச் சொல்லு, சொல்லு என்று கோயிலுக்கு வருகிற பெண்டுகள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். நான் வாய் திறந்ததில்லை. ஆத்தாவோடு எனக்கு ஒரு வழக்கு இருந்தது. வழக்கு நடக்கும்போது எதிராளியைப் புகழ்ந்து யாராவது பேசுவார்களா? இந்த ஆடியில்தான் அது தீர்ந்தது. அதனால் இப்போது சொல்கிறேன்.

அது எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் கிடையாது. தென்னாற்காட்டில் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கரும்பு ஏற்றுவார், நெல் மூட்டை ஏற்றுவார். சந்தை நாளில் கள்ளக்குறிச்சிக்குப் போனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். எங்கள் ஊரில் காரைப் பிளஷர் என்றுதான் சொல்வோம். "சொந்தமா ஒரு பிளஷர் வாங்கி அந்த வரிசைல நிறுத்தணும் அஞ்சல" என்பார். ஏதோ ஆசைக்குச் சொல்கிறார் என்று நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனிதர் டிராக்டரில் ஓட்டிப் பழகி லைசென்சும் எடுத்துவிட்டார். ஒருநாள் வண்டியையும் ஜோடி மாட்டையும் விற்றுவிட்டு வந்து நின்றார். மாடு போன கொட்டகையைப் பார்த்து நான் அழுதேன். அவர் சிரித்தார்.

ஆத்தூர்ப் பக்கம் ஒருத்தரிடம் வாங்கின கார் அது. எத்தனை கை மாறியதோ தெரியாது. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை போட்டு, கல்யாணப் பெண் மாதிரி வைத்திருந்தார் விற்றவர். அங்கேயிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் ஊர் எல்லை வரைக்கும் வந்துவிட்டார். ஊருக்குள் நுழையும்போது முன்பக்கம் புகை கிளம்பி நின்றுபோனது. எல்லாரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு வழி? ஊரே சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினார்கள். எதிர்வீட்டுக் கோவிந்தன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டான், "இன்னாண்ணே, மாட்ட வித்துட்டு எங்களப் பூட்டலாம்னு பாத்தியா?" எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் சிரித்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி கடைவீதியில் அதே மாதிரி நின்றது. இரண்டு சவாரி பாதியிலேயே இறங்கிப் போய்விட்டது. மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றேன். என் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"மெக்கானிக்கு இன்னாத்துக்கு? ஊரு கண்ணு பூரா வண்டி மேலதான் கீது. மொதல்ல ஆத்தா கோயிலுக்கு ஓட்டிக்கினு போங்க" என்றார்.

ஓட்டிக்கொண்டு போனோம். பூசாரி எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் சுற்றி, வண்டியின் முன்பக்கக் கம்பித் தட்டி முழுக்க மறைகிற மாதிரி மஞ்சள் துணியை இழுத்துக் கட்டினார். அதன் மேல் வேப்பிலைக் கொத்துகளை வைத்துக் கயிறு போட்டார். கட்டினதைக் கழற்றக் கூடாது, அதை ஆத்தாவே உதிர்க்கணும், அதுதான் எங்கள் வழக்கம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நான் புது வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து காய்ந்ததன் மேலேயே கட்டினேன். மழை பெய்து குளிர்ந்த நேரம், பக்கத்துப் பக்கத்துச் சவாரி. வண்டி நிற்காமல் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, மெக்கானிக்கு மெக்கானிக்குன்னு குதிச்சியே" என்று மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. புரட்டாசி பிறந்தபோது வண்டியின் மூஞ்சியே வெளியே தெரியாது. அவ்வளவு வேப்பிலை.

அப்போதுதான் மலைச் சவாரி வந்தது. வெள்ளிமலையில் வேலை பார்த்த ஒரு வாத்தியாருக்கு மலைக்குக் கீழே மாற்றலாகியிருந்தது. குடும்பத்தைச் சாமான்களோடு இறக்கிக்கொண்டு வரணும். ரோடு மறியல் வரப்போகிறது என்று டீக்கடையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

"வேப்பல கட்ன வண்டிய எவன்டி மறிப்பான்? நீயும் ஏறு. மலைய இங்கேர்ந்தே பாத்துக்கினு கீற, ஒருநாளாச்சும் மேல வந்து பாரு" என்றார்.

உண்மைதான். பொழுது விடிந்தால் கல்வராயன் மலைதான் என் கண்ணில் படும். கல்யாணமாகி வந்து அத்தனை வருஷத்தில் ஒருநாள் ஏறினதில்லை. தவழ்கிற பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவருக்குப் பக்கத்தில் காரில் உட்கார்ந்து போனது அந்த ஒரு தடவைதான்.

கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைப் பக்கம் போகும்போது ரோட்டோரப் புளியமரத்தடியில் கோடாலியோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். எங்கள் வண்டியைப் பார்த்துப் போகச் சொல்லிக் கை காட்டினார்கள். நாங்கள் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மடமடவென்று மரம் சாயும் சத்தம். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நம்ம பின்னாடி கதவச் சாத்திட்டானுங்க அஞ்சல" என்று சிரித்தார். எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மலைப்பாதையில் ஏற ஏற வண்டி முனகியது. ஏதோ தீய்கிற வாடை வந்தது. ஒரு வளைவில் முன்பக்கம் வெள்ளையாக ஆவி கிளம்பியது. அதோடு நின்றுபோனது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பக்கத்தில் ஒரு ஓடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஈ காக்கா கிடையாது.

அவர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் உள்ளே கொதிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"கொஞ்ச நேரம் ஆறட்டும்யா" என்றேன்.

"வாத்தியாரு மேல மூட்ட கட்டிக்கினு ஒக்காந்திருப்பாரு. மலைச் சவாரியும் போச்சின்னா நாளைக்கு எவன் கூப்புடுவான்?"

அவருக்கு அவசரம். அதைவிட அவமானம். தோளில் கிடந்த துண்டை மடித்து மூடி மேல் போட்டார். என்னைத் தள்ளிப் போகச் சொன்னார். திருகினார்.

மூடி எங்கே பறந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் மஞ்சளாக வந்தது. சத்தியமாக மஞ்சள். ஆத்தாவுக்கு ஊற்றுகிற மஞ்சள் தண்ணீர் மாதிரியே வந்து அவர் முகத்தில் அடித்தது. ரேடியேட்டரில் ஓட்டை இருந்தால் மஞ்சள்தூளைக் கொட்டி அடைத்து விற்றுவிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு என்ன தெரியும்? ஆத்தாவே கோபம் வந்து ஊற்றிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவர் கத்தின சத்தத்தை நான் எழுதச் சொல்ல மாட்டேன். என் மகள் எழுத வேண்டாம்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஓடையில் உட்காரவைத்தேன். அள்ளி அள்ளி முகத்தில் ஊற்றினேன். நெற்றி, கன்னமெல்லாம் வெந்து சிவந்து கொப்பளம் கிளம்பிவிட்டது. இமை வீங்கி மூடிக்கொண்டது. விரலால் மெதுவாகத் திறந்து பார்த்தேன். கண் ரத்தமாக இருந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்:

"அஞ்சல, இருட்டிக்கினு வருதா?"

நான் இன்னொரு கை தண்ணீர் அள்ளி ஊற்றினேன். எனக்கு அவர் உயிரைப் பற்றிப் பயம் வரவில்லை. கண்தான். இந்த மனிதருக்குக் கண் போய்விட்டால் என்ன ஆகும்? மாடும் இல்லை, வண்டியும் இல்லை, இனி கண்ணும் இல்லையா?

ரோட்டில் ஏறி நின்று கத்தினேன். மேலே பார்த்துக் கத்தினேன், கீழே பார்த்துக் கத்தினேன். பஸ் வராது. கீழே மரம் போட்டாயிற்று. கார், ஜீப், லாரி எதுவும் வராது. ஆளைத் தேடிக்கொண்டு ஓடலாம் என்றால் அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒரு பக்கம் பள்ளம், கண் தெரியாத ஆள். நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி முன்னால் வேப்பிலை பச்சையும் காய்ந்ததுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. கும்பிடவில்லை, திட்டினேன். "வெள்ளிக்கெழம தவறாம கட்டினேனேடி, இதான் நீ பாத்துக்கினு இருந்த லட்சணமா?" என்று கேட்டேன். கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போனது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன்:

"ஆத்தா, இந்த மனுசன் மறுபடியும் என் மூஞ்சியப் பாக்கணும். வேற எதுவும் உன்கிட்ட கேக்க மாட்டேன். உனக்கு வெள்ளில கண்மலர் அடிச்சி சாத்துறேன்."

இந்த வார்த்தையை மட்டும் நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"அஞ்சல. அந்த வேப்பல இன்னும் முன்னாடி கட்டிக்கினுதான் கீதா?"

"ஆமா."

"மஞ்சத் துணியும்?"

"ஆமா. இப்ப அதுக்கு இன்னா?"

"அதாலதான் காத்து போவல. இஞ்சின் ஆறுறதுக்கு அந்த வழியாதான் காத்து போவணும். மூக்கப் பொத்தி ஓட வுட்டுட்டோம்டி வண்டிய. பிச்சி எறி எல்லாத்தையும்."

ஆத்தாவுக்குக் கட்டினதைப் பிய்த்து எறிவதா? இருக்கிற கண்டம் போதாதா? கழற்ற மாட்டேன் என்றேன். அவர் கத்தவில்லை. "எனக்குக் கண்ணு தெரியல, நீதான் பண்ணணும்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் நான் எப்படிச் சும்மா நிற்பது?

கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். காய்ந்த இலையெல்லாம் சரசரவென்று என் காலில் கொட்டியது. உள்ளே இருந்த மஞ்சள் துணி அனலாகச் சுட்டது. எறிய மனசு வரவில்லை. துணியை ஓடையில் நனைத்து நனைத்து அவர் கண்மேல் போட்டேன். பச்சை வேப்பிலையை எல்லாம் பொறுக்கி அவர் மடியில் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. கீழே போட்டு மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்போது மேலேயிருந்து ஒரு ஆள் இறங்கி வந்துகொண்டிருந்தார். காக்கிச் சட்டை. ஒரு கையில் தூக்குச்சட்டி, ஒரு கையில் செருப்பு. எழுந்து ஓடினேன். பேர் ஏழுமலை என்றார். பஸ் டிரைவர். சொந்த ஊர் மணலூர்பேட்டை.

"கீழ ரோட்ட அடச்சிட்டாங்கன்னு பஸ்ஸ மேலயே நிறுத்திட்டேன்மா. எப்ப தெறக்கறது, எப்ப போறது? நடந்தே போய்ச் சேந்துடலாம்னு கெளம்பிட்டேன்" என்றார்.

டிரைவர். அந்த மலையில், அந்த நேரத்தில், நடந்து வருகிற ஒரு டிரைவர்! எப்போதும் போல ரோடு திறந்திருந்தால் அவர் பஸ்ஸில் எங்களைத் தாண்டி எப்போதோ போயிருப்பார். கும்பிட்ட கையை நான் இறக்கவே இல்லை.

அவர் எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் கிடந்த துணியை விலக்கிப் பார்த்தார். மறுபடியும் மூடினார். தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த சோற்றை ஓரமாகக் கொட்டிவிட்டு அதிலேயே ஓடைத் தண்ணீர் மொண்டு, வண்டி நன்றாக ஆறினதும் நிதானமாக ஊற்றினார். கிளப்பினார். முதலில் இருமியது. அப்புறம் பிடித்துக்கொண்டது. இறக்கம்தானே, மெள்ள மெள்ளக் கீழே கொண்டுவந்துவிட்டார். நான் பின்சீட்டில் எங்கள் வீட்டுக்காரர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக அந்தத் துணியைத் தூக்குச்சட்டித் தண்ணீரில் நனைத்துக்கொண்டே வந்தேன்.

அணைப் பக்கம் வந்தால் அந்தப் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கமும் மரம். ஒரு கூட்டமே நின்றிருந்தது.

"வண்டி போவாது. திருப்பு" என்று முன்னால் வந்தான் ஒருத்தன்.

ஏழுமலை கீழே இறங்கி ஏதோ சொல்லப்போனார். அதற்குள் அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டான். கொப்பளித்த முகம். மஞ்சள் துணி. மடி நிறைய வேப்பிலை. சடாரென்று செருப்பைக் கழற்றினான்.

"டேய், உள்ள ஆத்தா கீறாடா! வழி வுடுங்கடா!"

அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். எல்லாரும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டார்கள். இப்போதுதான் அவளைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன், அவள் பேரில் பொய்யும் சொல்லணுமா?

"அம்ம இல்லப்பா. கொதிதண்ணி பட்டுடுச்சி. கண்ணு போயிடும்போல கீது" என்றேன். சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான், வேப்பிலையைப் பார்த்தான்.

"எதுவா இருந்தா இன்னாக்கா? ஆத்தா மடில ஒக்காந்துக்கினு வந்துட்டா. அழுவாத" என்றான். திரும்பி, "புடிங்கடா மரத்த!" என்று கத்தினான்.

வெட்டினவர்களே அந்த மரத்தைப் புரட்டினார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள், கிளையை வெட்டினார்கள், ஒருத்தன் காலில் மரம் உருண்டு அடிபட்டுங்கூட விடவில்லை. அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்று பேச நான் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு அவர்கள் எனக்கு அண்ணன் தம்பியாக நின்றார்கள். செருப்பைக் கழற்றினவன் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி வரைக்கும் கூடவே வந்தான். வழியில் எங்கே மறித்தாலும் தூரத்திலிருந்தே, "ஆத்தா வண்டி! வழி வுடுங்க, ஆத்தா வண்டி!" என்று குரல் கொடுப்பான். மரம் நகரும். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொண்டு, பேர் கேட்பதற்குள் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இருந்தார். அவர் வெளியூரிலிருந்து வந்துபோகிறவர். ரோடு அடைத்ததால் ஊருக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு ரோட்டை அடைத்தவளே எனக்காக டிரைவரையும் டாக்டரையும் பிடித்து வைத்திருந்தாள் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து, கட்டு அவிழ்க்கிற நாளுக்காகக் காத்துக் கிடந்தேன்.

கட்டு அவிழ்த்தார்கள். வலது கண்ணைத் திறந்தார். என்னையே பார்த்தார்.

"இன்னாடி இப்படி எளச்சிட்ட?" என்றார்.

இடது கண் திறந்தது. அதில் வெள்ளை விழுந்திருந்தது. டாக்டர் விரலைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். அந்தக் கண்ணுக்குப் பகலும் ஒன்றுதான் இரவும் ஒன்றுதான். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

வீடு திரும்பினோம். வாடகை வண்டி ஓட்ட ஒற்றைக் கண்காரருக்கு இனி வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிளஷர் காயலான் கடைக்குப் போனது. அதை இழுத்துக்கொண்டு போன அன்றைக்குக் கோவிந்தன் வாசலில் நின்றான். கேலி பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டப் போனார். சொந்த மாடு வைத்திருந்த மனிதர். இடப்பக்கம் யாராவது நின்றால் தெரியாமல் முட்டிக்கொள்வார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மட்டும் அதற்கப்புறம் போகவே மாட்டார். கள்ளக்குறிச்சியில் ஏதாவது வேலையென்றால் என்னைத்தான் அனுப்புவார்.

வேண்டுதலை மட்டும் நான் தள்ளிப்போடவில்லை. ஆசாரியிடம் சொல்லி வெள்ளித் தகட்டில் கண்மலர் அடித்து வாங்கினேன். ஒரே தகட்டில் இரண்டு கண். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆத்தா எதிரில் நின்றேன். அவள் இரண்டு கண்ணையும் விரித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போய்ப் பூக்காரியிடம் கத்தரிக்கோல் வாங்கி, தகட்டை நடுவில் கத்தரித்தேன். ஒரு கண்ணை மட்டும் உண்டியலில் போட்டேன்.

"ஒண்ணுதான குடுத்த? ஒண்ணு வாங்கிக்க. அத என்னிக்குக் குடுக்கறியோ அன்னிக்கு இது வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பூக்காரி வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

மற்ற பாதியை மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்தேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போவேன். கூழ் ஊற்றுவேன், வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவேன். ஒன்று மாறியது. வாடினது உதிரட்டும் என்று இப்போது விடுவதில்லை, நானே கழற்றிவிட்டுத்தான் புதிது கட்டுகிறேன். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது எங்கள் தெருவில் வண்டி வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சூடம் ஒற்றிக்கொள்ளும்போது, "இன்னொண்ணு எங்க?" என்று கேட்காமல் நான் வந்ததில்லை. என் மகள் வளர்ந்தாள், கட்டிக் கொடுத்தோம், பேரப்பிள்ளை பிறந்தது. நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவரிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது, "வுடுடி, இந்த மூஞ்சியப் பாக்க ரெண்டு கண்ணு ஜாஸ்தி" என்றார். நான் அடிக்கக் கை ஓங்கினேன். இடப்பக்கமாக ஓங்கியதால் அவருக்குத் தெரியவில்லை.

போன வருஷம் மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். கடைசியில் பேச்சு நின்றுபோனது. கை கால் அசையாது. அந்த ஒரு கண் மட்டும் அசைந்தது. நான் அடுப்பங்கரைக்குப் போனால் அந்தப் பக்கம் திரும்பும். தண்ணீர் எடுக்கப் போனால் வாசலைப் பார்த்தபடியே இருக்கும். வந்து உட்கார்ந்தால் என் மேல் வந்து நிற்கும். மகளைத் தேடவில்லை, பேரனைத் தேடவில்லை. வேளைக்கு வேளை பால் ஊற்றும்போதும் கண்ணை எடுக்க மாட்டார். உயிர் போனபோதும் அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நான்தான் மூடினேன். அப்போதுதான் எனக்கு மலை ஞாபகம் வந்தது. நடுரோட்டில் உட்கார்ந்து நான் என்ன கேட்டேன்? இரண்டு கண் வேண்டும் என்றா கேட்டேன்? இந்த மனுசன் மறுபடியும் என் மூஞ்சியைப் பார்க்கணும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்றல்லவா சொன்னேன்? கேட்டதை அவள் அன்றைக்கே கொடுத்துவிட்டாள். ஒரு ஆயுசுக்கும் கொடுத்திருந்தாள். நான்தான் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அவர் இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொல்வதற்கில்லை. துக்கம் போய்விட்டது என்று சாட்சி சொல்ல நான் வரவில்லை. அது அப்படியே இருக்கிறது.

அக்கா தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு வண்டி நடுமலையில் நின்றுகொண்டிருக்கும். பின்னால் மரம் விழுந்திருக்கும். ஆத்தாவைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வரவில்லை என்றால் திட்டுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். என்னைப் போல வாயாடியைப் பொறுத்தவள் உங்களையா பொறுக்க மாட்டாள்? ஆனால் என்ன கேட்டீர்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டுப் போயிருப்பாள், தெரியாமல் இருந்துவிடுவோம்.

தலைதிவசம் முடிந்து, இந்த ஆடி முதல் வெள்ளிக்கு மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். வெள்ளி கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனேன். இப்போது பழைய பூசாரியின் மகன் பூசை செய்கிறான். தட்டில் வைத்ததும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா ஆயா, பாதிதான் கீது?"

"மீதி ஆத்தாகிட்ட முன்னாடியே குடுத்துட்டேன்பா" என்றேன். "சேத்து வெச்சிக்கச் சொல்லு."